பர்கூர் மலைக்குப் போய் ரெண்டு மாடு புடிச்சிட்டு வரலாமா?

முந்திரிக்கொல்லை, பண்ருட்டி | ஜூன் 2

எல்லாருக்கும் வணக்கம். நமக்கு பண்ருட்டி பக்கம் செம்மண் கொல்லை. தானே புயல்ல பழைய மரமெல்லாம் சாஞ்சப்புறம் புதுசா வச்ச முந்திரி இப்ப நல்லா காய்க்குது. நடுவுல புல்லு சும்மா கெடக்கு. பர்கூர் மலை மாடு தீனி கேக்காது, நோய் அண்டாது, தானா மேஞ்சிக்கும்னு யூடியூப்ல பார்த்தேன். குடும்பத்தோட போயி ஊரையும் சுத்திப் பார்த்துட்டு ரெண்டு கிடேரி புடிச்சி வண்டியில ஏத்திட்டு வரலாம்னு இருக்கேன். பழைய மலை ஊருன்னு சொல்றாங்களே, அங்க பார்க்க என்ன இருக்கு? போனவங்க சொல்லுங்க.

கெடிலத்தான் | ஜூன் 2, ராத்திரி

போங்க அண்ணே. கண்டிப்பா போங்க. ஆனா மாடு புடிச்சிட்டு வர்றது மட்டும் வேணாம். விவரமா நாளைக்கு எழுதறேன், இப்ப கரண்ட் இல்ல.

கெடிலத்தான் | ஜூன் 3

நான் நெல்லிக்குப்பம் பக்கம். என் தங்கச்சிய ஈரோடு மாவட்டம் அந்தியூர்ல, பர்கூர் மலைக்குக் கீழ இருக்கற ஊரு, அங்க கட்டிக் குடுத்திருக்கோம். மாப்ள மஞ்சள் போடறவரு, மஞ்சளுக்கு எரு வாங்க மலைக்குப் போறவரு, அவரு கூட தொத்திக்கிட்டுப் போனவன்தான் நான். அதனால டூரிஸ்ட்டா போன அனுபவம் எனக்கு இல்ல, எரு லாரியில போன அனுபவம்தான்.

பார்க்க என்ன இருக்குன்னு கேட்டா, வியூ பாயின்ட், போட்டிங், அதெல்லாம் கெடையாது. ஏற்காடு மாதிரி நெனச்சிட்டு புள்ளைங்கள கூட்டிட்டுப் போனா அரை மணி நேரத்துல போலாம் போலாம்னு இழுக்கும். அந்தியூர்லேருந்து வரட்டுப்பள்ளம் அணை தாண்டி மலை ரோடு ஏறும், வளைவு வளைவா போயி தாமரைக்கரை வரும், அப்புறம் பர்கூர். அதே ரோட்ல நேரா போனா கர்நாடகா. சின்னச் சின்ன ஊருங்க, சுத்தி ராகி வயலு, பெரும்பாலும் லிங்காயத்து ஜனங்க, வீட்ல கன்னடம் பேசுவாங்க, நம்மகிட்ட தமிழ். சோளகர்னு பழங்குடி ஜனங்க ஊருங்களும் இருக்கு. ரோட்ல நின்னு பார்த்தா சாதா மலை ஊருதான்.

ஆனா அந்த ஊரு இருக்கறது ரோட்ல இல்ல. பட்டியில இருக்கு.

கெடிலத்தான் | ஜூன் 3, கொஞ்ச நேரம் கழிச்சி

பட்டின்னா என்னன்னு நெய்வேலி தம்பி கேட்டிருக்காரு. மாட்ட வீட்டாண்ட கட்டறதில்ல தம்பி. ஊர விட்டு தள்ளி காட்டுக்குள்ள முள்ளும் மரமும் வச்சி அடைச்ச பெரிய வளாகம், ராத்திரிக்கு மாடு மொத்தமும் அதுக்குள்ள. கன்னுக்குட்டிக்குத் தனி அடைப்பு. பக்கத்துல மேய்க்கறவங்க படுக்க ஒரு குடிசை. காலைல காட்டுக்குள்ள வுடுவாங்க, சாயந்திரம் தானா திரும்பும். மேய்ச்சல் எங்க நல்லா இருக்கோ அங்க பட்டி, மாசக்கணக்கா அங்கதான். வீட்டுக்காரங்க அரிசி, ராகி, உப்பெல்லாம் கொண்டு போயி குடுத்துட்டு வருவாங்க.

பட்டி உள்ள காலு வச்சா மண்ணு தெரியாது. எருதான். மேல காய்ஞ்சி பொடியா இருக்கும், மிதிச்சா மெத்துனு உள்ள போகும், அடியில கறுப்பா ஈரமா கெடக்கும். ஆச்சரியம் என்னன்னா நாத்தம் கெடையாது. காட்டுப் புல்லும் தழையும் தின்ன சாணி, மழையில ஊறி வெயில்ல காய்ஞ்ச வாசன ஒண்ணு வரும் பாருங்க, எங்க அப்பா இருந்திருந்தா கையில அள்ளி மோந்து பார்த்திருப்பாரு.

கெடிலத்தான் | ஜூன் 5

முந்திரிக்கொல்லை அண்ணன் "பாலு எவ்ளோ கறக்கும்"னு தனியா கேட்டிருந்தாரு. எல்லாருக்கும் ஆவட்டும்னு இங்கயே எழுதறேன்.

பாலுக்கு இந்த மாட்ட வாங்கவே வாங்காதீங்க. ஒரு ஈத்துக்கு சராசரி 350 கிலோதான்னு கணக்கு சொல்றாங்க. கலப்பின மாடு ஒரு மாசத்துல குடுக்கறத இது ஒரு ஈத்து முழுக்க குடுக்கும்னு வச்சிக்கங்க. கறக்கறத கிட்ட நின்னு பார்த்தேன். மொதல்ல கன்ன வுடறாங்க, அது முட்டி முட்டி பாலு எறங்க வைக்குது, அப்புறம் கன்ன தாயோட முன்னங்கால்ல கட்டிட்டு ஒரு அம்மா குந்திக்கிட்டு ரெண்டே காம்புல கறந்தாங்க. சொம்பு நெறயல. மிச்சம் ரெண்டு காம்பு கன்னுக்கு. "இன்னும் கொஞ்சம் கறக்கலாமே"ன்னு மாப்ள கேட்டதுக்கு, "சிறுத்த வந்தா ஓடற கன்னு வேணுமா, ஓடாத கன்னு வேணுமா"ன்னு கேட்டாங்க. அதுக்கு மேல நாங்க ஒண்ணும் பேசல.

அவங்களுக்கு காசு எருவுல. லாரி லாரியா கீழ எறங்குது, மஞ்சளுக்கும் வாழைக்கும். அப்புறம் காளைக்கன்னு விக்கறது. சுறுசுறுப்பான மாடு, வேகமா நடக்கும், மலையில உழவுக்கும் வண்டிக்கும் இதுக்கு ஈடு இல்ல. பாலு வீட்டுக்கு மோரும் நெய்யுமா போயிடும்.

கெடிலத்தான் | ஜூன் 6

நேத்து எழுதினத படிச்சிப் பார்த்தேன், காசு பத்தியே எழுதி வச்சிருக்கேன். மாட்டப் பத்தி சொல்லவேயில்ல.

செவப்பு உடம்பு, அதுல வெள்ளத் திட்டு தெளிச்ச மாதிரி. செம்மறைன்னு சொல்றாங்க. ஒரு மாடு மாதிரி இன்னொரு மாடு இருக்காது. கொம்பு அடியில நெருக்கமா தொடங்கி பின்னால போயி, வெளிய விரிஞ்சி, மேல போயி நுனி முன்னால வளையும், நுனி கூரா இருக்கும். உடம்பு சின்னதுதான், ஆனா பார்வை இருக்கே, நம்ம ஊரு மாடு நம்மள மேலோட்டமா பார்க்குமே அந்தப் பார்வை இல்ல. நேரா பார்க்கும். காது ரெண்டும் நம்ம பக்கம் திரும்பும். அப்புறம் மூக்கால ஒரு உஸ்ஸு.

தூறலு போட்டுச்சின்னு நான் கொடைய எடுத்தேன், பட்டிக்காரரு ஓடி வந்து கையப் புடிச்சிட்டாரு. "அண்ணா, கொட விரிச்சா மொத்தமும் மெரண்டு முள்ள ஒடைச்சிட்டுப் போயிடும், ராத்திரி பூரா தேடணும்"னாரு. நனைஞ்சிட்டே நின்னோம். அவரு போட்டிருந்ததும் நனைஞ்ச கம்பளிதான்.

சாயந்திரம் ஒரு பாறை மேல உப்பு வச்சாரு. வச்சிட்டு ஒரு கொரலு குடுத்தாரு, பேரு சொல்லித்தான். காட்டுக்குள்ளேருந்து மணிச் சத்தம் மொதல்ல, அப்புறம் செடி ஒடையற சத்தம், அப்புறம் ஒவ்வொண்ணா வெளிய வருது. எண்ணவே இல்ல அவரு. மூஞ்சியப் பார்த்தே எது வரலன்னு சொன்னாரு. ஒண்ணு வரல, சினை மாடு. அவரு பையன் டார்ச்ச எடுத்துக்கிட்டு கெளம்பிட்டான். எங்களுக்கு எறங்க நேரமாச்சி, யானை வர ரோடு, வெளிச்சத்துலயே வந்துட்டோம். அந்த மாடு கெடைச்சிச்சான்னு மறுநாள் மாப்ள போன்ல கேட்டாரு. ஓடையோரம் கன்னு போட்டு அது கிட்டயே நின்னுட்டு இருந்துச்சாம்.

கெடிலத்தான் | ஜூன் 6

விடுபட்டது: சாப்பாடு. ராகிக் களி, அவரைக்கொட்டை போட்ட கொழம்பு, மோரு. லிங்காயத்து வீட்ல கறி மீனு கெடையாது, நம்ம கடலூர் பழக்கத்துல கருவாட்டுப் பொட்டலம் கட்டி எடுத்துட்டுப் போயி அவங்க வீட்ல பிரிக்காதீங்க. சாமி மாதேஸ்வரன். பட்டி போடறதுக்கு முன்னால அவருக்கு கும்பிடு போட்டுட்டுதான் காலு ஊணுவாங்க.

கெடிலத்தான் | ஜூன் 9

ரெண்டு பேரு ஒரே கேள்விய கேட்டிருக்கீங்க: "நாட்டு மாட்ட காப்பாத்தணும்னா ஆளுக்கு ரெண்டு வாங்கி வளர்த்தா தப்பா?"

தப்புன்னு சொல்லல. 2017ல ஜல்லிக்கட்டு போராட்டம் நடந்தப்புறம் நாட்டு மாடுன்னு எல்லாரும் தேட ஆரம்பிச்சாங்க, அதுல எனக்கு சந்தோஷம்தான். காங்கேயம், உம்பளாச்சேரி, புலிக்குளம், ஆலம்பாடி, பர்கூர்னு அஞ்சு பேரும் அப்பத்தான் நம்ம பசங்க வாயில வந்துச்சி. ஆனா பர்கூர் மாடுன்னு ஒரு இனம் உருவானதே எதால? காட்டுல நாள் பூரா ஏறி எறங்கி, பல தினுசு புல்லு தழை தின்னு, சிறுத்தைக்கும் செந்நாய்க்கும் தப்பிச்சது மட்டும் கன்னு போட்டு, பட்டியில கூட்டமா படுத்து, அப்படித் தலைமுறை தலைமுறையா வந்ததுதான். அத ஒத்தையா கொண்டாந்து பண்ருட்டி கொல்லையில கயித்துல கட்டினீங்கன்னா, அண்ணே கோச்சிக்காதீங்க, அது கத்திக்கிட்டே கெடக்கும். மாப்ள பக்கத்து தோட்டக்காரரு ஒருத்தரு அப்படி புடிச்சிட்டு வந்து கட்டினாரு. வேலிய தாண்டிச்சி, ஆள முட்டிச்சி, கட்டுத்தறியச் சுத்தி சுத்தி கால்ல புண்ணு. கடைசில மலைக்காரரே வந்து ஓட்டிட்டுப் போனாரு.

அப்புறம் பொலி காளை? சினைக்கு எங்க போவீங்க? கண்ட சினை ஊசியப் போட்டா அடுத்த கன்னு பர்கூர் இல்ல.

நோய் அண்டாதுன்னு வீடியோல சொல்றதையும் நம்பாதீங்க. கோமாரி இதுக்கும் வரும், தடுப்பூசி இதுக்கும் போடணும். தாக்குப்புடிக்கற தெம்பு கூட, அவ்ளோதான்.

கெடிலத்தான் | ஜூன் 12

"அப்ப மலையில இருக்கறவங்க ஏன் மாட்டக் கொறைக்கறாங்க, அவங்களுக்கே அக்கறை இல்லியே"ன்னு புதுச்சேரி சார் ஒருத்தர் எழுதியிருக்காரு. சார், இத படிச்சதும் மனசு கஷ்டமாப் போச்சி. அக்கறை இல்லாம யாரும் ராத்திரி டார்ச்ச எடுத்துக்கிட்டு சினை மாட்டத் தேடி காட்டுக்குள்ள போவ மாட்டாங்க.

மேய்க்க எடம் கொறையுது சார், அதான் காரணம். முன்னாடி வனத்துறையில மேய்ச்சலுக்கு பாஸ் போட்டுக் குடுப்பாங்க, தலைக்கு இவ்ளோன்னு கட்டணம் கட்டிட்டு உள்ள பட்டி போடுவாங்க. வீரப்பன் காலத்துல காட்டுக்குள்ள தங்கறதே பயம், ரெண்டு பக்கமும் பயம், அப்பவே நெறய பேரு பட்டியக் கலைச்சிட்டாங்கன்னு மலையில ஒரு பெரியவரு சொன்னாரு. 2004ல அது முடிஞ்சிது. அப்புறம் 2022 மார்ச்சுல மெட்ராஸ் ஐகோர்ட்டு தமிழ்நாட்டுல எந்தக் காட்டுலயும் மாடு மேய்க்கக் கூடாதுன்னு உத்தரவு போட்டுச்சி. அதே மாசம் அத மாத்தி, புலிகள் காப்பகம், சரணாலயம், தேசியப் பூங்கா இதுக்குள்ள மட்டும் தடைன்னு ஆக்கினாங்க. சரி, நம்ம காடு தப்பிச்சிதுன்னு மலைக்காரங்க மூச்சு வுட்டாங்க. 2024 ஜனவரியில அந்தியூர், கோபி தாலுகாக்கள்ல இருக்கற காட்ட தந்தை பெரியார் வனவிலங்கு சரணாலயம்னு அறிவிச்சாங்க. எண்பதாயிரம் ஹெக்டேருக்கு மேல. இப்ப ரெண்டையும் சேர்த்து வச்சிப் பாருங்க, அவங்க பயம் புரியும்.

கெடிலத்தான் | ஜூன் 13

காட்டு மிருகம் வேணாமான்னு அதே சார் கேட்டிருக்காரு. வேணும் சார். புலியும் யானையும் வேணும், அந்த ஊர்க்காரங்களும் அத வேணாம்னு சொல்லல. கன்ன சிறுத்த தூக்கிட்டுப் போனத என்கிட்ட சொன்ன அதே அம்மா, "அதுவும் வயித்துக்குத்தான வருது"ன்னு அடுத்த வார்த்தை சொன்னாங்க.

நான் ராத்திரி பூரா யோசிச்சேன். மாடு ஜாஸ்தியானா காட்டு மிருகத்துக்குப் புல்லு கொறையும், மாட்டு நோய் காட்டெருமைக்கு ஒட்டும், இது நெசந்தான், அத மறைச்சிப் பேசக் கூடாது. ஆனா பெரியவங்க சொல்றது வேற ஒண்ணு இருக்கு: உண்ணிச்செடி. காட்டுக்குள்ள எங்கப் பார்த்தாலும் அந்த முள்ளுப் பொதருதான், அடியில புல்லு மொளைக்காது, மாடும் தின்னாது மானும் தின்னாது. முன்னாடி புல்லுக் காடா இருந்த எடம் இப்ப உள்ள நுழைய முடியல. மாட்ட வெளிய அனுப்பிட்டா புல்லு தானா வந்துடும்னு நெனைக்கறவங்க அந்தப் பொதர ஒரு தடவை கையால வெட்டிப் பார்க்கட்டும்.

சட்டமும் அவங்க பக்கம் கொஞ்சம் இருக்கு. 2006 வன உரிமைச் சட்டத்துல மேய்ச்சல் உரிமைன்னு தெளிவாவே எழுதியிருக்கு, ஒரே எடத்துல இருக்கறவங்களுக்கும் மாறி மாறிப் போறவங்களுக்கும். சரணாலயமும் அந்தச் சட்டத்துல காட்டு நெலந்தான். சிக்கல் எங்கன்னா, பழங்குடி பட்டியல்ல இல்லாதவங்க 2005 டிசம்பர் 13க்கு முன்னால மூணு தலைமுறை, அதாவது 75 வருஷம், அந்தக் காட்ட நம்பி இருந்தத காட்டணும். சோளகருக்கு அந்தத் தொல்ல இல்ல, லிங்காயத்துக்கு இருக்கு. தாத்தா காலத்துப் பட்டிக்கு யாரு ரசீது வச்சிருப்பாங்க? பழைய மேய்ச்சல் பாஸ் காகிதம் பரண்ல இருந்தா அத பத்திரமா வைங்கன்னு மாப்ள போற எடத்துலல்லாம் சொல்லிட்டு வராரு. ஒரு வீட்ல தகரப் பொட்டியிலேருந்து எடுத்துக் காட்டினாங்க. மடிப்பு கிழிஞ்சி, மை மங்கி, மூலையில கரையான் தின்ன காகிதம், அதுல மாட்டு எண்ணிக்கையும் கட்டின காசும். கையில வாங்கவே எனக்குக் கூச்சமா இருந்துச்சி.

கெடிலத்தான் | ஜூன் 13

இது சண்டைக்கு எழுதினது இல்ல சார். போயி பாருங்க, அப்புறம் பேசலாம்.

கெடிலத்தான் | ஜூன் 20

ஒரு வாரமா பக்கமே வரல, நடவு. அதுக்குள்ள பேச்சு உம்பளாச்சேரிக்குப் போயிருக்கு. சிதம்பரம் அக்கா எழுதினது சரி. காட்டுமன்னார்கோயில், சிதம்பரம் பக்கம் சேத்து வயலுக்கு உம்பளாச்சேரிதான் பொருத்தம். கன்னு பொறக்கறப்ப செவப்பா பொறக்கும், ஆறு எட்டு மாசத்துல சாம்பலாகிடும். அத பார்த்துட்டு "இதுவும் பர்கூர் கன்னு"ன்னு சொல்லி யாராவது உங்ககிட்ட விக்க வந்தா ஏமாறாதீங்க.

ஆனா முந்திரிக்கொல்லை அண்ணனுக்கு வேண்டியது மாடே இல்லன்னு இப்ப எனக்குத் தோணுது. அண்ணே, உங்களுக்கு வேண்டியது கொல்லையில புல்லு கொறையணும், மண்ணுக்கு எரு வேணும். அதுக்கு நம்ம ஊர்லயே வழி இருக்கே. நெல்லு அறுத்த வயல்ல ராமநாதபுரம், சிவகங்கை பக்கத்துக் கீதாரிங்க ஆடு ஓட்டிட்டு வந்து கிடை போடறாங்க இல்ல, அவங்களக் கூப்பிடுங்க. எங்க அப்பா வருஷா வருஷம் கிடை போடாம நாத்து வுட மாட்டாரு. ராத்திரி வயல்ல ஆடு படுத்து, காலைல பட்டி மாத்தி அடுத்த கட்டத்துக்கு நகர்த்துவாங்க, வயலு முழுக்க புழுக்கையும் மூத்திரமும் சமமா விழுந்துடும். அந்தக் கீதாரி வீட்டம்மா எங்க திண்ணையில வந்து அரிசி வாங்கிட்டுப் போவாங்க, எங்க அம்மா கூட ஒரு மணி நேரம் பேசிட்டுத்தான் போவாங்க. இப்ப எங்க ஊர்ல மூட்ட உரம் வந்து, பாதி நெலம் பிளாட்டு போட்டு, அவங்க தங்க எடமே இல்ல. பர்கூர் பட்டியில நின்னப்ப எனக்கு அந்தக் கிடைதான் ஞாபகம் வந்துச்சி. மலைக்காரங்களுக்கு காடு மூடுது, கீதாரிக்கு நம்ம கொல்லை மூடுது. காட்டப் பத்தி கோர்ட்டு முடிவு பண்ணும், நம்ம கொல்லையப் பத்தி நாமதான முடிவு பண்றோம்.

காய் பொறுக்கி முடிச்சப்புறம் வுடுங்க. சின்ன மரம் இருக்கற எடத்துல கன்னு மரத்த ஆடு கடிச்சிடும், அத மட்டும் முன்னாடியே சொல்லி வேலி வச்சிக்கங்க.

முந்திரிக்கொல்லை, பண்ருட்டி | ஜூன் 21

தம்பி, படிச்சிட்டு வீட்ல எல்லாருக்கும் வாசிச்சிக் காட்டினேன். மாடு வாங்கற யோசனைய வுட்டாச்சி. கிடைக்கு ஆள் விசாரிக்கறேன். ஆனா மலைக்கு போகணும்னு இப்பதான் ஜாஸ்தி ஆசையா இருக்கு. எப்ப போகலாம், எப்படி போகணும்?

கெடிலத்தான் | ஜூன் 22

ஆடியில போங்க அண்ணே. அந்தியூர் குருநாதசாமி கோயில் தேர்த்திருவிழா, கூடவே மாட்டுச் சந்தை, குதிரைச் சந்தை. மார்வாரி, கத்தியவாரி குதிரையெல்லாம் வரும், புள்ளைங்களுக்குப் புடிக்கும். மலைக்காரங்க பர்கூர் மாட்ட எறக்கிட்டு வருவாங்க. முதல்ல அங்க அவங்ககிட்ட நின்னு பேசுங்க, பழகுங்க, அப்புறம் அவங்க கூப்பிட்டா மேல போங்க. திடுதிப்னு கார எடுத்துக்கிட்டுப் போயி பட்டி எங்கன்னு கேக்கறதுக்கும் இதுக்கும் ரொம்ப வித்தியாசம்.

கடலூர்லேருந்து விருத்தாசலம், சின்னசேலம், ஆத்தூர் வழியா சேலம். சேலத்துலேருந்து கோயமுத்தூர் ரோட்ல பவானி, அங்க எறங்கி அந்தியூர் பஸ்ஸு. மலைக்கு பஸ் கம்மி, வெடிகாலை வண்டிய வுட்டா மதியம்தான். பொழுது சாயறதுக்குள்ள எறங்கிடுங்க. காட்டுக்குள்ள பட்டிக்குப் போகணும்னா வனத்துறைகிட்ட கேட்டுட்டு, ஊர்க்காரரு கூட வந்தா மட்டும் போங்க. நீங்களா ரோட்ட வுட்டு எறங்காதீங்க. பர்கூர்ல கால்நடைப் பல்கலைக்கழகத்தோட மலைமாடு ஆராய்ச்சி நிலையம் இருக்கு, இனத்தப் பத்தி விவரம் கேக்கணும்னா அங்க கேக்கலாம்.

கையில உப்பு வாங்கிட்டுப் போங்க, கல்லு உப்பு. நம்ம கடலோர உப்புன்னா அவங்களுக்கு சந்தோஷம். போட்டோ எடுக்கறதுக்கு முன்னால கேளுங்க, மாட்டுக்குப் பக்கத்துல பிளாஷ் போடாதீங்க. குடை வேணாம், தொப்பி போதும்.

கெடிலத்தான் | ஜூன் 22

நெய்வேலி தம்பிக்கு: ஆமா, எருவு கடலூர் வரைக்கும் லாரியில கொண்டாந்தா கட்டுபடியாகாது, வாடகையே எருவு விலைய தாண்டிடும். மாப்ளகிட்ட கேட்டுட்டுதான் சொல்றேன். ஆடிக்கு நானும் அந்தியூர்லதான் இருப்பேன், வரவங்க சந்தையில மாட்டுப் பக்கமா வந்து கேளுங்க.